கடல் எந்தக் கைப்பக்கம்? கடலோரச் சாலையையும் மலைச் சாலையையும் எந்த முனையில் தொடங்குவது

வாசகர் கேள்வி — ஆகஸ்ட் 2, 2025

கடலோரச் சாலைகளைப் பற்றிய பயணக் குறிப்புகளில் எல்லாம் “இந்த ஊரில் தொடங்கி அந்த ஊரில் முடியுங்கள்” என்று தவறாமல் எழுதுகிறார்கள். சாலையும் ஒன்றுதான், கடலும் ஒன்றுதான். எந்த முனையில் தொடங்கினால் என்ன? விமானம் இறங்கும் ஊரிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான் என்பது என் எண்ணம். அம்மாவும் உடன் வருகிறார் என்பதால் வீண் அலைச்சல் வேண்டாம் என்று பார்க்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு சொல்லவும்.

ஆகஸ்ட் 2, இரவு

மாற்றுக் கருத்து உண்டு, அழுத்தமாகவே உண்டு. கடலோரச் சாலை பெரும்பாலும் ஒரு பக்கம் மலைச்சுவரும் மறுபக்கம் கடலுமாக, நடுவில் இரண்டே தடங்களோடு போகிறது. எந்த முனையில் தொடங்குகிறீர்களோ அதைப் பொறுத்து, நாள் முழுவதும் கடலை ஒட்டிய தடத்தில் போவீர்கள், அல்லது மலையை ஒட்டிய தடத்தில் போவீர்கள். மலையை ஒட்டிப் போனால் உங்களுக்கும் கடலுக்கும் நடுவில் எதிர்த்தடம் முழுவதும் கிடக்கும். அதில் ஒரு பேருந்து வந்தால் கடல் மறையும், பத்து கார்கள் வரிசையாக வந்தால் அந்த வளைவையே இழந்துவிடுவீர்கள்.

காட்சியைவிட முக்கியமானது பாதுகாப்பு. வண்டியை ஒதுக்கி நிறுத்துவதற்கான இடங்கள் பெரும்பாலும் கடல் பக்கத்தில்தான் இருக்கின்றன. கடல் பக்கத் தடத்தில் இருப்பவர் சற்று ஒதுங்கினால் போதும். மலைப் பக்கத் தடத்தில் இருப்பவரோ எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடந்து நிறுத்தி, மீண்டும் அதேபோலக் கடந்து சாலையில் சேர வேண்டும், அதுவும் அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாத இடத்தில். இந்தச் சாலைகளில் நெஞ்சு பதறும்படியாக நான் பார்த்த தருணங்கள் பெரும்பாலும் இப்படிக் குறுக்கே திரும்பிய வண்டிகளால் வந்தவை.

ஆகவே கலிபோர்னியாவின் ஒன்றாம் நெடுஞ்சாலையில் பிக் சர் பகுதியை வடக்கிலிருந்து தெற்காகப் போக வேண்டும். அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், கடல் மேற்கில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், கடல் தெற்கில் இருக்கிறது. எனவே டார்க்கீயில் தொடங்கி மேற்கே போக வேண்டும். இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில் பொசிட்டானோவிலிருந்து கிழக்காக. தென்னாப்பிரிக்காவின் சாப்மன்ஸ் பீக் சாலையில், கடல் மேற்கில் இருந்தாலும் இடப்பக்கம் ஓட்டுவதால், தெற்கேயுள்ள நூர்ட்ஹூக்கிலிருந்து வடக்காக ஹவுட் பே நோக்கி.

ஆகஸ்ட் 3

இத்தனை ஊர்ப் பெயர்களை நினைவில் வைக்க முடியாது, ஒரே வரியில் விதி சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எந்தக் கைப்பக்கம் ஓட்டுகிறார்களோ அந்தக் கைப்பக்கமே கடல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தீவையோ தீபகற்பத்தையோ சுற்றுவதானால், இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் நிலத்தை வலக்கையில் வைத்து வலம் வர வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இடமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், சுற்ற வேண்டும். கனடாவின் கேபட் டிரெயிலை இடமாகச் சுற்றுவதும், அயர்லாந்தின் கெர்ரி வளையத்தை வலமாகச் சுற்றுவதும் இந்தக் கணக்கின்படிதான்.

ஆகஸ்ட் 3, மாலை

காலையில் எழுதியதற்கு ஒரு திருத்தம். கெர்ரி வளையத்தில் சுற்றுலாப் பேருந்துகள் அனைத்தும் இடமாகவே, அதாவது கில்லார்னியிலிருந்து கில்லோர்க்ளின் வழியாகவே போகின்றன. சாலை குறுகலானது என்பதால் இரண்டு பேருந்துகள் எதிரெதிரே சந்தித்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. நான் சொன்ன திசையில் போனால் கடல் உங்கள் கைப்பக்கம் வரும், ஆனால் ஒவ்வொரு பேருந்தையும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருக்கும். பேருந்துகள் போகும் திசையிலேயே போனால் அவற்றின் பின்னால் ஊர்ந்துகொண்டு, முன்னால் இருப்பவற்றின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போவீர்கள். நான் எதிர்த்திசையில் போனேன், மீண்டும் போனாலும் அப்படியே போவேன். பின்னோக்கி ஓட்டி வழிவிடுவதில் தயக்கம் உள்ளவர்கள் அதிகாலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது.

ஆகஸ்ட் 9

பிக் சர் பற்றி நான் எழுதியதைப் படித்த ஒருவர், தாம் ஜூலையிலேயே அந்த வழியே போயிருந்ததாகவும், சரியான திசையில் போயும் கடலையே பார்க்கவில்லை என்றும் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். திசையைப் பற்றி எழுதிய நான் மாதத்தைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும். இதே ஏமாற்றத்தை நானும் அனுபவித்திருக்கிறேன்.

அந்தக் கரையை ஒட்டிய கடல்நீர் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். காற்று மேற்பரப்பு நீரைத் தள்ளிக்கொண்டு போக, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே எழுந்து வருவது அதற்குக் காரணம். அந்தக் குளிர்நீரின் மேல் ஈரக்காற்று படும்போது மூடுபனியாகத் திரண்டு கரையில் அப்பிக்கொள்கிறது. உள்நாடு எவ்வளவுக்குச் சூடாகிறதோ அவ்வளவுக்கு இந்தப் பனியும் கரைக்குள் இழுக்கப்படுகிறது. கொளுத்தும் கோடை என்று நம்பிப் போகிறவர்களுக்குச் சாம்பல் நிறச் சுவர்தான் கிடைக்கிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வானம் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

நான் போனதும் ஒரு ஜூலைக் காலைதான். 1932-இல் கட்டிய பிக்ஸ்பி பாலத்தை அடைந்தபோது, பாலத்தின் கைப்பிடிச் சுவர் இருபது அடி தூரம் வரை தெரிந்தது, அதற்கப்பால் பாலமே இல்லை. வண்டியைப் பாலத்துக்கு முன்னால் ஒதுக்கி நிறுத்திவிட்டு இறங்கினேன். கண்ணாடியில் மழை பெய்யாமலே நீர்த்துளிகள் கோத்துக்கொண்டிருந்தன. சுமார் 80 மீட்டர் கீழே அலை பாறையில் மோதுகிற ஓசை மட்டும் தெளிவாக ஏறி வந்தது, நீரைக் காணவில்லை. பதினொன்றரை மணிக்கு மேல் பனியில் ஒரு கிழிசல் விழுந்து, பாலத்தின் வளைவில் ஒரு பாதி மட்டும் சில நிமிடங்களுக்கு வெளியே வந்தது. பிறகு அதுவும் மூடிக்கொண்டது. அந்தப் பாதி வளைவை இன்றும் மறக்கவில்லை என்றாலும், அதற்காக மட்டும் ஒருவரை ஜூலையில் அங்கே போகச் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 10

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிக் சர் வழியாக முழுவதும் போவது எப்போதும் இயலும் என்று சொல்ல முடியாது. ரீஜென்ட்ஸ் ஸ்லைடு என்ற இடத்தில் 2024-இல் மலை சரிந்த பிறகு நீண்ட காலம் நடுவே அடைபட்டிருந்தது. அப்போது வடக்கிலிருந்து ஒரு துண்டு, தெற்கிலிருந்து ஒரு துண்டு என்றுதான் பார்க்க முடிந்தது. 2017-இல் மட் கிரீக் சரிந்தபோதும் சாலை மண்ணுக்குள் புதைந்து, 2018 ஜூலையில்தான் புதிய சாலை திறக்கப்பட்டது. இந்த மலைச்சரிவின்மேல் போடும் சாலையை மலை அவ்வப்போது திரும்பக் கேட்கும். கிளம்புவதற்கு முதல் நாள் சாலைத் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளாமல் போகக் கூடாது.

ஆகஸ்ட் 17

கேள்வி கேட்டவர் தம் அம்மாவுக்கு உயரம் என்றால் அச்சம் என்பதை இப்போதுதான் சொல்கிறார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஒரு வாரமாக இதைப் பற்றியே யோசித்தேன், என் விதியில் ஒரு கொடுமை இருப்பது தெரிகிறது.

இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார், வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இடப்பக்கம் அமர்கிறார். அதாவது எங்கே போனாலும் ஓட்டுநர் சாலையின் நடுப்பக்கத்திலும், முன் இருக்கையில் உடன் வருபவர் ஓரத்திலும்தான் இருக்கிறார்கள். கடல் பக்கத் தடத்தைத் தேர்ந்தெடுத்தால் விளிம்புக்கு மிக அருகில் உட்காருகிறவர் உடன் வருபவர்தான். ஓட்டுநரின் கையிலாவது ஸ்டீயரிங் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ளக் கதவின் கைப்பிடிதான் இருக்கிறது. அமால்ஃபி சாலையில் என் அக்கா ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். பொசிட்டானோவின் வீடுகள் மலைச்சரிவில் அடுக்கடுக்காக இறங்குவதை நான் வருணித்துக்கொண்டே வந்தேன், அவர் “பேசாமல் சாலையைப் பார்” என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி.

விளிம்பில் யார் அமர்வது என்ற இந்தக் கேள்வியைப் பொலிவியாவின் யுங்காஸ் மலைச் சாலை நேரடியாகவே தீர்த்து வைத்திருக்கிறது. நாடு முழுவதும் வலப்பக்கம் ஓட்ட, அந்தப் பழைய சாலையில் மட்டும் இடப்பக்கம் ஓட்டுவது விதி. ஓட்டுநர் இடப்பக்கம் அமர்ந்திருப்பதால், இறங்கி வருகிறவர் தலையை வெளியே நீட்டித் தம் வெளிப்பக்கச் சக்கரம் பள்ளத்துக்கு எத்தனை விரற்கடை தள்ளி இருக்கிறது என்று தாமே பார்த்துக்கொள்ளலாம். ஏறி வருகிறவருக்கு மலைப் பக்கம். 2006-இல் மாற்றுச் சாலை திறந்த பிறகு பழைய சாலையில் பெரும்பாலும் சைக்கிள்காரர்கள்தான் இறங்குகிறார்கள்.

உங்கள் அம்மாவுக்கு என் ஆலோசனை இதுதான்: மலைப் பக்கத் தடத்தில் போகும் திசையைத் தேர்ந்தெடுங்கள். அது முடியாதபோது அவரை ஓட்டுநருக்கு நேர் பின்னால் அமர வையுங்கள். பின்னிருக்கையில் சிலருக்குக் குமட்டல் வரும். பக்கவாட்டில் பார்க்காமல் முன் கண்ணாடி வழியே தொலைவில் பார்த்துக்கொண்டு வந்தால் குறையும்.

ஆகஸ்ட் 24

“மலைச் சாலைக்கு உங்கள் விதி பொருந்துமா?” என்ற கேள்விக்கு: பொருந்தாது என்று நினைக்கிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பள்ளத்தாக்கு கை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு முறை உங்கள் பக்கம், மறுமுறை எதிராளியின் பக்கம். அங்கே எந்தக் கைப்பக்கம் என்பதைவிட ஏறுவதா இறங்குவதா என்பதுதான் கேள்வி.

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அன்றைய ஆஸ்திரியப் பேரரசுக்காகக் கார்லோ டோனெகானி என்ற பொறியாளர் 1820 முதல் 1825 வரை அமைத்த சாலை அது. பிராட் ஊர்ப் பக்கத்தில் 48 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எண் பொறித்த கல் நிற்கும். அடிவாரத்தில் 48 என்று தொடங்கி உச்சியில் 1 என்று முடியும். நான் இதை அறியாமல் கணவாயின் மறுபக்க ஊரான போர்மியோ பக்கம் ஏறி பிராட் பக்கம் இறங்கினேன். எண்கள் கூடிக்கொண்டே போயின. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு வந்தேன். இருபதாம் எண்ணைத் தாண்டியபோது ரப்பர் கருகுவதுபோல ஒரு வாடை வந்தது. அதை முன்னால் போன லாரியின் வாடை என்று எண்ணிக்கொண்டேன். அடுத்த வளைவில் பிரேக் மிதி வழக்கத்தைவிட ஒரு விரல் ஆழமாக இறங்கியது, மெத்தையில் கால் வைத்ததுபோல.

இரண்டாம் கியருக்கு மாற்றி, கிடைத்த முதல் அகலத்தில் ஒதுக்கி நிறுத்தினேன். சக்கரத்துக்கு அருகே கையைக் கொண்டுபோனால் அடுப்பருகே கொண்டுபோனதுபோல இருந்தது. காரணம் பிறகுதான் முழுமையாக விளங்கியது. உச்சியிலிருந்து பிராட் வரை இறக்கம் 1,800 மீட்டருக்கு மேல். 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல், 80 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைக்கப் போதுமானது. அந்த வெப்பத்தை என்ஜினும் காற்றும் பங்கிட்டுக்கொள்ள விடாமல் நான் நான்கு பிரேக்குகளின் தலையில் கட்டினேன். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 4 வகையில் புதிய திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவரையறை. ஈரம் ஏறியதற்கு அந்த எல்லை 155 டிகிரிதான். திரவம் கொதித்துக் குமிழி உண்டானால் மிதி குமிழியைத்தான் அழுத்தும், சக்கரத்தை அல்ல. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதற்கு இதுவே பொருள்.

சக்கரம் ஆறுவதற்காக முக்கால் மணி நேரம் அங்கே நின்றேன். அப்போதுதான் திரும்பி மேலே பார்த்தேன். இறங்கி வந்த சாலை முழுவதும் மலைமுகத்தில் மடிப்பு மடிப்பாக, தையல் பிரிக்காத துணிபோலத் தொங்கியது. இறங்கி வரும்போது இது என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. பிராட்டிலிருந்து ஏறியிருந்தால் ஒரு மணி நேரம் இதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஏறியிருப்பேன், பிரேக்குக்கும் வேலை இருந்திருக்காது. எண் குறைந்துகொண்டே வருவதை எண்ணியபடி ஏறுவதும் ஒரு சுகம். ஆகவே ஸ்டெல்வியோவுக்குத் திசை: பிராட்டிலிருந்து மேலே.

ஆகஸ்ட் 25

மின்சாரக் காருக்கு இந்தத் தொல்லை இல்லை என்று ஒருவர் எழுதியிருப்பது பெரும்பாலும் சரி. இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து மின்கலத்துக்குத் திருப்பித் தரும். ஆனால் உச்சியில் மின்கலத்தை நிறைய நிரப்பிக்கொண்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்துக்கு உள்ளே இடம் இருக்காது; பிடிமானம் குறைந்து பிரேக்கை நம்ப வேண்டியிருக்கும். மலையுச்சியில் முழுவதும் நிரப்ப வேண்டாம்.

செப்டம்பர் 6

“வளைவு எத்தனை என்று சொல்லுங்கள், சாலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணி மலைச் சாலையை மதிப்பிடுவது எனக்கு உடன்பாடில்லை. அதற்கு எதிரான சான்றாக ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவு கொண்ட சாலையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குக் குறுக்கே, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோயிங் டு த சன் ரோடு போகிறது. லோகன் கணவாயில் 2,026 மீட்டரைத் தொடுகிறது. முதலில் தீட்டிய திட்டத்தின்படி, கணவாய்க்குக் கீழேயுள்ள ஓடைப் பள்ளத்தாக்கில் பதினைந்து கொண்டை ஊசி வளைவுகள் போட்டு விறுவிறுவென்று மேலே ஏற்றிவிடுவதாக இருந்தது. நிலக்காட்சி வடிவமைப்பாளரான தாமஸ் வின்ட் அதை எதிர்த்தார். அத்தனை வளைவுகள் போட்டால் பள்ளத்தாக்கே சிதைந்துவிடும் என்பது அவருடைய வாதம். கார்டன் வால் எனப்படும் செங்குத்தான பாறைச்சுவரின் இடுப்பை ஒட்டி நீளமாக, மெல்ல ஏறும் ஒரே கோடாகச் சாலையைக் கொண்டுபோகலாம் என்றார். செலவும் உழைப்பும் மிகுதி. ஆனாலும் அதுவே ஏற்கப்பட்டு, 1932-இல் பணி முடிந்து 1933-இல் திறப்பு விழா நடந்தது. தி லூப் என்ற ஒரே ஒரு பெரிய திருப்பம்தான் அதில் இருக்கிறது. ஏற்றம் நூற்றுக்கு ஆறைத் தாண்டவில்லை.

அந்தச் சாலையில் ஏறும்போது ஏறுவதே தெரியாது. கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. பள்ளத்தாக்குதான் மெல்ல மெல்லக் கீழே இறங்கிப் போகிறதோ என்று தோன்றும். கைப்பிடிச் சுவரை அங்கேயே வெட்டிய கல்லால் கட்டியிருக்கிறார்கள். மலை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சில இடங்களில் கண்ணுக்குப் பிரித்தறிய முடியவில்லை. பாறையிலிருந்து கசியும் நீர் சில இடங்களில் சாலையின் மேலேயே தெறிக்கிறது. வளைவுகளை எண்ணுகிறவருக்கு இந்தச் சாலையில் எண்ணுவதற்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு.

இப்போது ஆகஸ்ட் 24 குறிப்பைத் திருத்துகிறேன். மலைச் சாலைக்குக் கைப்பக்க விதி பொருந்தாது என்றேன். வளைவு குறைந்த மலைச் சாலைக்கு நன்றாகவே பொருந்துகிறது. இங்கே மேற்கிலிருந்து கிழக்காக ஏறினால் பள்ளத்தாக்கு உங்கள் வலக்கையில், உங்கள் தடத்தை ஒட்டியே இருக்கும். உயரத்துக்கு அஞ்சுகிறவர்கள் கிழக்கிலிருந்து வந்தால் பாறைச்சுவரை ஒட்டி இறங்கலாம். பனியை அகற்றிய பிறகே திறப்பார்கள் என்பதால் கணவாய் பெரும்பாலும் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவுக்குள்தான் திறக்கும். நடுப்பகுதியில் ஏறத்தாழ 6.4 மீட்டரைவிட நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை.

செப்டம்பர் 7

நார்வேயின் டிரோல்ஸ்டீகன் பற்றிக் கேட்டவருக்கு: 11 வளைவுகள், 1936-இல் திறந்தது, நடுவில் ஸ்டிக்ஃபோசன் அருவியைப் பாலத்தால் கடக்கிறது. கீழேயிருந்து ஏறுங்கள், ஸ்டெல்வியோவுக்குச் சொன்ன அதே காரணம்தான். அருவி முதலில் எதிரே தெரிந்து, பிறகு பக்கத்தில் வந்து, கடைசியில் காலடியில் போய்விடும்.

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் உள்ள சா கலோப்ரா சாலைக்குத் திசையே பிரச்சினை இல்லை. அது கடலில் போய் முடிகிறது. வந்த வழியே திரும்பித்தான் ஆக வேண்டும் என்பதால் இரண்டு தடங்களும் உங்களுக்கு உண்டு. அன்டோனியோ பரியெட்டி என்ற பொறியாளர் 1932-இல் அமைத்தது. ஓரிடத்தில் சாலை ஒரு வட்டம் போட்டுத் தன் அடியிலேயே நுழைந்து போகிறது. கழுத்துப்பட்டையின் முடிச்சு என்றே அந்த ஊர்க்காரர்கள் அதை அழைக்கிறார்கள்.

செப்டம்பர் 20

ஒரே சாலையில் விதி தலைகீழாகும் இடம் ஒன்று உண்டா என்ற கேள்வி சுவையானது. உண்டு. காரகோரம் நெடுஞ்சாலை சுமார் 4,700 மீட்டர் உயரத்தில் குஞ்செராப் கணவாயைக் கடக்கிறது. பாகிஸ்தான் பக்கம் இடமாகவும் சீனப் பக்கம் வலமாகவும் ஓட்டுகிறார்கள். எல்லையில் தடம் மாறும். இதே நெடுஞ்சாலையில் 2010 ஜனவரியில் அத்தாபாத்தில் மலை சரிந்து ஹுன்சா ஆற்றை அடைத்தது. ஆறு ஏரியாகத் தேங்கிச் சாலையை விழுங்கியது. 2015-இல் சுரங்கப்பாதைகள் திறக்கும் வரை லாரிகளையும் படகில் ஏற்றித்தான் ஏரியைக் கடக்க வேண்டியிருந்தது.

சுரங்கப்பாதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சுரங்கம் வந்தால் பழைய சாலை அழிந்துவிடும் என்று வருந்துகிறவர்கள் உண்டு. நான் பார்த்தவரை நேர்மாறாகத்தான் நடந்திருக்கிறது. வியட்நாமின் ஹாய் வான் கணவாய்க்கு அடியில் 2005-இல் சுரங்கப்பாதை திறந்தது, லாரிகள் அதற்குள் போய்விட்டன. சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்டில் 1980-இல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, கருங்கல் பாவிய 24 வளைவுகள் கொண்ட டிரெமோலா சாலை, போய்ச் சேர அவசரப்படாதவர்களுக்காகவே மிஞ்சியிருக்கிறது. அந்தக் கல்தளத்தில் டயர் உருளும் கரகரப்பு வேறெந்தச் சாலையிலும் கேட்காதது.

செப்டம்பர் 28

முதல் குறிப்பில் கிரேட் ஓஷன் ரோட்டை மேற்கே போகச் சொன்னேன். சரிதான், ஆனால் வெயிலை மறந்துவிட்டேன். காலையில் டார்க்கீயில் புறப்பட்டு வழியெல்லாம் நின்று நின்று போனால், மேற்கு முனைப் பாறைகளை நெருங்கும்போது மாலையாகிவிடும். சூரியன் நேர் எதிரே இறங்கும். முன் கண்ணாடியில் பூச்சி அடித்த கறையெல்லாம் ஒளிர்ந்து, சாலையின் நடுக்கோடே தெரியாமல் போன ஒரு மணி நேரத்தை நான் அங்கே கழித்திருக்கிறேன். ஓரமாக நிறுத்திச் சூரியன் மறையும் வரை காத்திருந்தேன்.

ஆகவே ஒரே நாளில் முடிக்காதீர்கள். நடுவே ஒரு ஊரில் இரவு தங்கிக் கடைசிப் பகுதியைக் காலையில் போனால் வெயில் முதுகுப் பக்கமிருந்து வந்து, பன்னிரு அப்போஸ்தலர் எனப்படும் சுண்ணாம்புப் பாறைத் தூண்கள் மஞ்சளாக ஒளிரும். பெயர்தான் பன்னிரண்டு. அத்தனை தூண்கள் அங்கே இல்லை. ஒன்று 2005 ஜூலையில்தான் சரிந்து விழுந்தது. அருகிலுள்ள லண்டன் பாலம் என்ற பாறை வளைவும் 1990-இல் கரையோடு ஒட்டியிருந்த பகுதி இடிந்து தீவாகிவிட்டது. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை, போரில் மாண்ட தோழர்களின் நினைவாக மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு வெட்டிய சாலை இது. ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் சாலைக்கு மேல் நிற்கும் நினைவு வளைவை எல்லோரும் படமெடுக்கிறார்கள், எதற்காக நிற்கிறது என்று சற்று நின்று படித்துவிட்டும் போகலாம்.

அக்டோபர் 5

இந்த இழையை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். “கடலைப் பார்ப்பீர்கள்” என்று ஓட்டுநரிடமே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அது தவறு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி கடலைப் பார்த்தால், வண்டி 33 மீட்டர் ஓடிவிடுகிறது. இந்தச் சாலைகளில் 33 மீட்டருக்குள் ஒரு வளைவே வந்துவிடும். எந்தத் தடத்தில் போனாலும் ஓட்டுநருக்குச் சாலைதான், கடல் மற்றவர்களுக்கு. ஓட்டக்கூடியவர்கள் இருவர் இருந்தால் பாதி வழியில் மாறிக்கொள்ளுங்கள். சாலை குறுகிய நீளம் என்றால் இரண்டு திசையிலும் ஒரு முறை போய்விடுங்கள்.

அப்படிப் போனதால்தான் சாப்மன்ஸ் பீக்கில் எனக்கு ஒன்று கிடைத்தது. 9 கிலோமீட்டரில் 114 வளைவுகள். 1915 முதல் 1922 வரை வெட்டியது. 2000-இல் பாறை விழுந்து மூடி, வலைகளும் பாறைக்குள் குடைந்த அரைச் சுரங்கமும் அமைத்து 2003 இறுதியில் மீண்டும் திறந்தார்கள். வடக்காகப் போகும்போது நான் ஓட்டினேன், மனைவி கடல் பக்கம் இருந்தார். திரும்பி வரும்போது அவர் ஓட்டினார், நான் மலைப் பக்கம் இருந்தேன். கடல் பக்கத் தடம் இல்லை என்று முதலில் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது.

கையெட்டும் தூரத்தில் பாறை ஓடியது. கீழ்ப்பாதி வெளிறிய, உருண்டு திரண்ட கருங்கல். மேற்பாதி சிவப்பும் காவியுமாக, ஏடு ஏடாக அடுக்கிய மணற்கல். இரண்டுக்கும் நடுவே ஒரே கிடைக்கோடு, சாலையோடு கூடவே வந்தது. அந்தக் கோட்டை ஒட்டித்தான் சாலையையே வெட்டியிருக்கிறார்கள். கெட்டியான கருங்கல் அடித்தளமாகத் தாங்க, மேலிருந்த மென்மையான அடுக்குகளைக் குடைவது எளிதாக இருந்திருக்கிறது. அந்தக் கருங்கல்லின் வயது சுமார் 54 கோடி ஆண்டுகள். எதிர்த்தடத்தில் ஒவ்வொரு காரிலும் முன்னிருக்கைக்காரர் கடலையே பார்த்தபடி போய்க்கொண்டிருந்தார். வடக்காகப் போனபோது நாங்களும் அப்படித்தான் போயிருந்தோம்.

அக்டோபர் 6

கேள்வி கேட்டவருக்கு: அம்மாவோடு போவதானால் ஹவுட் பேயில் தொடங்கித் தெற்காகவே போங்கள். மலைப் பக்கத் தடம் கிடைக்கும். அவரை முன்னிருக்கையில் இடப்பக்கம் அமர வைத்து, அந்தக் கிடைக்கோட்டைக் காட்டுங்கள்.